ஸ்டேஷன் படி மிதிக்காத பாண்டியராஜன்

பாண்டியராஜன் மேல் எனக்குப் பொறாமை. மறைத்துப் பேச எனக்குத் தெரியாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவனுக்கு என்னைவிடப் பெரிய வீடு கிடையாது. தோட்டந்துரவு கிடையாது. என்னைப் போலவே ஒரு குட்டியானை வண்டி வைத்துக்கொண்டு, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைப் பெட்டி ஏற்றிக் கம்பம் மார்க்கெட்டில் இறக்குகிற ஆள்தான். பெண்டாட்டியும் என் பெண்டாட்டி முனீஸ்வரியைவிட அழகு என்று சொல்ல முடியாது. சொன்னால் எனக்குச் சோறு கிடைக்காது. ஆனால் இந்த நாற்பத்தஞ்சு வயசுக்குள் ஒரு தடவைகூட அவன் விசாரணைக்கென்று போலீஸ் ஸ்டேஷன் படி மிதித்ததில்லை. நான் பதினோரு தடவை மிதித்திருக்கிறேன். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

என் பேர் ஒச்சாண்டி. கீழத்தெரு. அவன் நடுத்தெரு. இரண்டு தெருவுக்கும் இடையில் ஒரு ரேஷன் கடையும் ஒரு டீக்கடையும்தான் இருக்கின்றன. எட்டாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியிருக்கிறோம். அந்த அடி மட்டும்தான் இரண்டு பேருக்கும் சமமாகக் கிடைத்தது.

ஆள் எப்படி இருப்பான் என்று கேட்டால், சிரித்த முகம். எவனைப் பார்த்தாலும் அண்ணே, தம்பி என்று தோளில் கை போட்டுவிடுவான். குடிப்பான். குடித்துவிட்டு வண்டியும் ஓட்டுவான். போன வருசம் அப்படித்தான் ஓட்டிக்கொண்டு போய் கரண்டுக் கம்பத்தைச் சாய்த்துவிட்டான். பாதி ஊருக்கு விடியவிடியக் கரண்டு இல்லை. வந்த ஏட்டு என்ன சொன்னார் தெரியுமா? “என்னண்ணே, பார்த்து வரக்கூடாதா? அடி கிடி பட்டுச்சா?” என்று கேட்டு, முகம் கழுவத் தண்ணீர் வாங்கிக் கொடுத்து வீட்டில் கொண்டுபோய் விட்டார். அடேங்கப்பா! மச்சக்காரன். அவன் உடம்பில் அந்த மச்சம் எங்கே இருக்கிறதோ, வாய்க்காலில் எத்தனையோ தடவை சேர்ந்து குளித்திருக்கிறோம், என் கண்ணில் பட்டதில்லை.

ஒரு ஆடிச் சனிக்கிழமை இரண்டு பேரும் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்கு அவன் பைக்கில் போனோம். வழியில் போலீஸ் மறித்தது. ஓட்டியது அவன். தலையில் ஹெல்மெட் இல்லை, சட்டைப் பையில் லைசென்ஸ் இல்லை. போலீஸ்காரர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்னால் உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பினார்.

“ஒன் பேரென்ன?”

“ஒச்சாண்டி.”

“அப்பன் பேரு?”

“சின்னக்கருப்பு.”

அதற்குமேல் அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை. எங்கள் பேருக்குள்ளேயே குலசாமி உட்கார்ந்திருக்கும். பேரைக் கேட்டால் ஆள் யாரென்று தெரிந்துபோகும். வண்டியிலிருந்து இறக்கி, கை இரண்டையும் நீட்டச் சொல்லி, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று செல்போனில் படம் எடுத்தார். பாண்டியராஜன் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். எள்விளக்குப் போட்டுச் சனியைத் தொலைக்கப் போனவன் நான். பின்னால் உட்கார்ந்த எனக்குப் படம், முன்னால் உட்கார்ந்த அவனுக்கு “பார்த்துப் போங்க” என்ற புத்திமதி. பனைமரத்தடியில் உட்கார்ந்து பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள் என்று சும்மாவா சொன்னார்கள்.

எங்கள் சாதிச் சான்றிதழில் சீர்மரபினர் என்று போட்டிருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் ரேகைச் சட்டம் என்று ஒன்று வைத்து, பிறந்த ஆண்பிள்ளை எல்லாம் திருடன் என்று எழுதிக்கொண்டு, பெரியவர்களை ராத்திரியானால் ஸ்டேஷனில் வந்து படுக்க வைத்தார்கள். அந்தச் சட்டம் செத்து எழுபத்தஞ்சு வருசத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் தேர்தல் வந்தால் எங்கள் தெருவுக்குள் ஜீப் வரும். திருவிழா வந்தால் வரும். எவள் கழுத்திலாவது எவனாவது செயினை அறுத்தால் வரும். “ஏலே, சும்மா விசாரணைக்குத்தான், வா” என்பார்கள். காலையில் போனால் சாயங்காலம் விடுவார்கள். சில தடவை மறுநாள். முதல் தடவை போனபோது எனக்குப் பத்தொன்பது வயசு. கேஸ் எதுவும் போட்டதில்லை. நான் எதையும் செய்யவில்லை, எதைப் போடுவது?

ஒருநாள் ஸ்டேஷனில் பொழுது போகாமல் எண்ணிப் பார்த்தேன். சுவரோரம் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். அஞ்சு பேர் எங்கள் தெரு மாதிரித் தெருக்காரர்கள். மூணு பேர் காலனிக்காரர்கள். ஒருத்தன் பிழைக்க வந்த இந்திக்காரன். நடுத்தெரு ஆள் ஒருத்தர்கூட இல்லை. நடுத்தெருவில் திருடனே பிறக்கவில்லையா? எங்கள் ஊரில் இரண்டு வருசமாகச் சொசைட்டி உரத்தை வெளியே விற்றது எந்தத் தெரு என்று ஊருக்கே தெரியும். அவர்களைப் பற்றிப் பேசும்போது யாரும் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள், ‘குளறுபடி’ என்பார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். எனக்கு முதுகுத்தண்டில் டிஸ்க் விலகிவிட்டது. திராட்சைப் பெட்டி தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேன் டிரைவர் வேலை வந்தது. மாசச் சம்பளம், பி.எஃப்., ஞாயிற்றுக்கிழமை லீவு, முக்கியமாகப் பெட்டி தூக்க வேண்டாம். முனீஸ்வரி அந்த வேலைக்காக முளைப்பாரி எடுக்கிறேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். பள்ளிக்கூடத்துக்காரர்கள் வண்டியை ஓட்டிக்காட்டச் சொன்னார்கள். ஆறு பேர் ஓட்டினோம். என்னைத்தான் பிடித்திருந்தது. மேனேஜர் என் முன்னாலேயே சொன்னார்: “ஒச்சாண்டி, நீங்க பிரேக் போடுறதே தெரியலை. போலீஸ்ல ஒரு சான்று மட்டும் வாங்கிக் குடுத்துருங்க. கேஸ் இல்லைன்னு வந்தாப் போதும். வரலைன்னா அடுத்து இருக்கிற பாண்டியராஜனுக்குத்தான் குடுக்கணும்.”

ஆமாம், இரண்டாவது ஆள் அவன்தான். அன்றைக்கு ஒருநாள் மட்டும் எனக்கு அவன்மேல் பொறாமை இல்லை. எனக்கு அடுத்த இடத்தில் அவன்! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். கேஸ் எதுவும் என் பேரில் இல்லை. சான்றுக்கு ஆன்லைனில் எழுதிப் போட்டேன்.

அந்த வாரம் மாசிப் பச்சை என்கிற குலசாமி கும்பிடு. சிவராத்திரிக்கு எங்கள் தெருவே வீட்டைப் பூட்டிக்கொண்டு உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கோயிலுக்குப் போய்விடும். அந்த வருசம் சாமி துணிமணி இருக்கிற பெட்டியைத் தூக்குகிற முறை எங்கள் வீட்டுக்கு வந்தது; என் முதுகு தாங்குகிற கனம்தான். பெட்டி தூக்குகிறவன் விரதம் இருக்க வேண்டும், வாயைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். கையில் செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கடைசிக் கட்டுப்பாடு பத்து வருசத்துக்கு முன்னால் பங்காளிகள் கூடிப் பேசி வைத்தது. பெட்டி கோயிலுக்குள் நுழைகிற நேரத்தில் எவன் இடுப்பிலோ குத்துப்பாட்டு அடித்து, சாமியாடிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றுவிட்டார். அதனால் நான் செல்போனை வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டு வேனில் ஏறினேன். இந்தத் தப்பை எங்கள் ஆட்கள் மட்டும்தான் செய்வார்கள்.

கிளம்புகிற நேரத்தில் பாண்டியராஜன் வந்தான்.

“மாப்ள, என் வண்டி ஒர்க்‌ஷாப்புல கெடக்கு. கோட்டைச்சாமி தோட்டத்துல பழம் வெட்டிப் பெட்டி போட்டு வச்சிருக்காக. ஒன் வண்டி சும்மாதான நிக்கிது, சாவியைக் குடு.”

“டீசலைப் போட்டு வையி, மாப்ள. பழைய பழக்கத்துல கம்பத்துல கொண்டுபோய் முட்டிராத” என்று சொல்லி சாவியைக் கொடுத்தேன்.

நாங்கள் சாமி கும்பிட்டுத் திரும்பிவந்த மறுநாள் காலையில் ஜீப் வந்தது. நான்கு தோட்டத்துக் கிணறுகளில் மோட்டார் ஒயரை, உள்ளே இருக்கிற செம்புக்கம்பிக்காக அறுத்து எடுத்துப் போயிருந்தார்கள். முக்கு ரோட்டுக் கேமராவில் சாக்கு மூட்டையோடு என் வண்டி போனது விழுந்திருந்தது. பின்பக்கம்தான் விழுந்திருந்தது. வண்டி நம்பர் தெரிந்தது, ஓட்டியவன் தெரியவில்லை.

எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர், வெளியூர். ஆரம்பத்தில் தன்மையாகத்தான் கேட்டார்.

“சிவராத்திரி அன்னைக்கு எங்கடா இருந்த?”

“கோயில்ல சார். பெட்டி தூக்குனேன்.”

“சாட்சி?”

“என் பங்காளிக எரநூறு பேரு சார்.”

ஸ்டேஷனே சிரித்தது. “அவுக எரநூறு பேரும் ஒங்க ஆளுகதானடா” என்றார் ஏட்டு. செல்போன் டவரைப் பார்த்தார்கள். என் போன் அன்றைக்குப் பூராவும் ஊரில்தான் இருந்தது என்று வந்தது. விரதத்தைச் சொன்னேன். “சாமி போனை வச்சிட்டு வரச் சொல்லுச்சா?” என்று மறுபடியும் சிரித்தார்கள். பூசாரி மகன் கார்த்திக்ராஜ் எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டினாள் முனீஸ்வரி. தலையில் பெட்டி, உடம்பு பூராத் திருநீறு, வாயில் துணிக்கட்டு. “இது ஒன் புருசன்தாங்குறதுக்கு என்னம்மா அத்தாட்சி?” என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் எஸ்.ஐ.யே ஒரு கதை கட்டினார். தெருவே கோயிலுக்குப் போனதாகக் காட்டிவிட்டு, ஒருத்தனை மட்டும் வேலைக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறோமாம். சாமி கும்பிடப் போனதுகூடக் களவுக்குப் போட்ட திட்டமாகிவிட்டது.

“சார், வண்டியை ஓட்டுனது பாண்டியராஜன் சார். நடுத்தெரு பாண்டியராஜன்” என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பேரைச் சொன்னபோது எனக்குள் ஒரு சந்தோசம் வந்தது. வாடா மாப்ள, நீயும் வந்து இந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார் என்று மனசு துள்ளியது. அவன் திருடியிருப்பான் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனாலும் ஒருநாளாவது அவன் வரட்டுமே என்றிருந்தது. கேவலமான புத்திதான், இல்லையென்று சொல்லவில்லை. பேரைச் சொல்லி வாயை மூடுவதற்குள் ஏட்டு கன்னத்தில் அறைந்தார்.

“நல்ல மனுசன் பேரை இழுக்கிற?”

பாண்டியராஜனை யாரும் பிடித்து வரவில்லை. செய்தி கேட்டு அவனாகவே வந்தான். நான் ஜட்டியோடு சுவரோரம் குத்தவைத்திருந்தேன். முதல் முதலாக அவன் ஸ்டேஷன் படி ஏறுவதைப் பார்த்தேன். எஸ்.ஐ. எழுந்து “வாங்கண்ணே, உக்காருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வந்தது. அவன் டீயைத் தொடவில்லை.

“சார், இவனை விட்டுருங்க. நான்தான் வண்டியை ஓட்டுனேன். பெட்டியை இறக்கிட்டு வாறப்ப, வழியில ஒருத்தன் மறிச்சு மூணு சாக்கை ஏத்திக்கிறச் சொன்னான். ஐநூறு ரூவா குடுத்தான். பழைய இரும்புக்கடை முக்குல இறக்கிவிட்டேன்.”

“சாக்குல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதில்ல?”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு, “தெரியும் சார். ஒயர் நுனி வெளிய தெரிஞ்சிச்சு. காசு வருதேன்னு கண்டுக்கிடலை” என்றான்.

போச்சு, இனி அவனுக்கு நாற்காலி கிடையாது என்று நினைத்தேன். எஸ்.ஐ. சிரித்தார். அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, உங்க மனசு எனக்குப் புரியுது. சின்னப்பிள்ளையில இருந்து பழகுனவன், விட மனசு வரலை. அதுக்காக நீங்க களவைத் தலையில ஏத்துக்கிட்டா ஆச்சா? நீங்களாவது ஒயர் மூட்டை ஏத்துறதாவது.”

“சார், சத்தியமா நான்தான் சார். எழுதிக் குடுக்கிறேன்.”

“எழுதிக் குடுத்தா உங்க பொழப்பு என்னாகும்? பிள்ளைகுட்டிக்காரரு. வீட்டுக்குப் போங்கண்ணே.”

எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன. மூத்தது வேல்விழி, பன்னிரண்டாவது படிக்கிறது. அதை அங்கே யாரும் கேட்கவில்லை. அரை மணி நேரம் மன்றாடினான். கடைசியில் இரண்டு போலீஸ்காரர்கள் தோளைப் பிடித்து மரியாதையாக வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அவன் போன பிறகு ஏட்டு என்னிடம் வந்து, “பார்த்தியாடா, ஒனக்காக ஒரு மனுசன் எம்புட்டுத் தூரம் எறங்கி வாறான். அவன் காலைத் தொட்டுக் கும்பிடு” என்றார். நான் இருபத்தஞ்சு வருசமாக உண்மையைச் சொல்லி அடிதான் வாங்கியிருக்கிறேன். அவனோ செய்த குற்றத்தை ஒத்துக்கொண்டு மகான் ஆகிவிட்டான். அய்யோ, அந்த நேரத்தில் எனக்கு எரிந்த எரிச்சல் இருக்கிறதே, வாங்கிய அடியெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். பதினேழு நாள் கிளைச்சிறை. ஜாமீனில் வந்தபோது தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. வண்டி கேஸ் சாமானாகி ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் காக்காய் எச்சத்தோடு நிற்கிறது. நான் எழுதிப் போட்ட சான்றும் வந்தது, ‘வழக்கு நிலுவையில் உள்ளது’ என்று. பள்ளிக்கூடத்து மேனேஜருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பாண்டியராஜனுக்குச் சான்று மூன்றே நாளில் சுத்தமாக வந்துவிட்டதாக டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

ஊரிலும் அவன் பேச்சுத்தான். “கூட்டாளின்னா பாண்டி மாதிரி இருக்கணும்ப்பா, களவைத் தன் தலையில போட்டுக்கிறப் போனானே” என்று சொல்லாத வாய் இல்லை. அவன்தான் மூட்டையை ஏற்றினான் என்று அவனே வாய்விட்டுச் சொல்லியும் ஒருத்தர்கூட நம்பவில்லை. நான் ஏற்றவில்லை என்று சொன்னதையும் எங்கள் தெருவைத் தாண்டி ஒருத்தர்கூட நம்பவில்லை.

பள்ளிக்கூட வேன் வேலை கிடைத்து, சேருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் என் வீட்டுக்கு வந்தான். தாடி வளர்ந்து, கண் உள்ளே போயிருந்தது. முனீஸ்வரி உள்ளே போய்விட்டாள்.

“மாப்ள, நான் அந்த வேலைக்குப் போகலை.”

“ஏன்?”

“அது ஒன் வேலை.”

“நீ போகலைன்னா மூணாவது ஆளுக்குக் குடுப்பாக. எனக்கா கூப்பிட்டுக் குடுக்கப் போறாக? போடா. போயி ஓட்டு. குடிக்காம ஓட்டு, பிள்ளைக ஏறுற வண்டி.” பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். பெருந்தன்மையெல்லாம் இல்லை. அவன் அந்த வேலையை விட்டுக்கொடுத்துவிட்டால் ஊர் அதற்கும் சேர்த்து அவனுக்கு மாலை போடும். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அவன் வாசல்படியில் உட்கார்ந்தான். திடீரென்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தான். சின்னப்பிள்ளை மாதிரி, தோள் குலுங்கக் குலுங்க.

“நான் உள்ளதைத்தான மாப்ள சொன்னேன். என் வாயால, என் கண்ணு மேல சத்தியம் பண்ணிச் சொன்னேன். ஒருத்தன் நம்பலையே, மாப்ள. சாப்பிட முடியலை, படுத்தா தூக்கம் வரலை. உண்மையைச் சொல்றவனை எப்பிடி மாப்ள நம்பாம இருப்பாக?”

முனீஸ்வரி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கிவிட்டது. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, “அழாதீகண்ணே, விடுங்க, ஆத்தா பார்த்துக்கிருவா” என்றாள். நான் ஜெயிலிலிருந்து வந்த அன்றைக்குக்கூட அவள் இப்படிக் கலங்கவில்லை. பாத்திரத்தை இறக்கிவைத்து, “குளிச்சிட்டு வாங்க” என்றுதான் சொன்னாள்.

அவன் தண்ணீரைக் குடித்தான், மூக்கைச் சிந்தினான், மறுபடியும் அழுதான். அவனுக்கு ஒரு அடி விழவில்லை. ஒரு நாள் உள்ளே இருக்கவில்லை. ஒரே ஒரு தடவை சொன்ன சொல்லை நம்பவில்லை, அவ்வளவுதான். அதற்கே உலகம் இடிந்துபோன மாதிரி அழுகிறான். பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் வேலை மேல் இல்லை, நாற்காலி மேல் இல்லை, நடுத்தெரு மேல்கூட இல்லை, அந்த அழுகை மேல்தான் எனக்கு வந்தது பொறாமை. பத்தொன்பது வயசில், முதல் தடவை என்னை நம்பாதபோது, நானும் இப்படி அழுதேனா என்று யோசித்துப் பார்த்தேன். எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.